மூன்று புள்ளித் தழும்பு

பாப்பாவின் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், பிறந்த நாள், ரத்த வகை, ஒவ்வாமை ஏதும் உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் எழுதியாயிற்று. அவசரத்துக்கு இரண்டு எண்கள் கேட்டிருந்தார்கள். நான் ஓரத்தில் பொடி எழுத்தில் ஐந்து எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'அங்க அடையாளங்கள்' என்று போட்டு, ஒன்று, இரண்டு என எண்ணிட்டு இரண்டு கோடுகளைக் காலியாக விட்டிருந்தார்கள்.

இனியாவுக்கு இரண்டரை வயது. காதுக்குக் கீழே, கழுத்து தொடங்குகிற இடத்தில், எள்ளைவிடச் சற்றே பெரிதாக ஒரு மச்சம் உண்டு. தினமும் குளிப்பாட்டுகிறேன், தினமும் அந்த இடத்தைத் துடைக்கிறேன். ஆனாலும் எழுதப்போன கை தயங்கியது. இடது காதா, வலது காதா? இடதுதான். இடதுதானே? அவள் அப்போதுதான் தூங்கியிருந்தாள், ஒருக்களித்து, ஒரு காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, மற்றதைப் போர்வைக்குள் மூடிக்கொண்டு. மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிட்டால் பொழுது சாயும்வரை அழுகைதான். அதனால் போனை எடுத்தேன். அதன் முகப்பில் அவள்தானே சிரிக்கிறாள், பார்த்து எழுதிவிடலாம் என்று.

திரையில் மச்சம் இல்லை.

சரி, இந்தப் படம் வெளிச்சத்தில் எடுத்தது என்று வேறு படங்களைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து எடுத்தவை ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. மொட்டை போட்ட படம், தொட்டியில் உட்கார்ந்து தண்ணீர் அடிக்கும் படம், காது குத்தியபோது காதையே குறிவைத்து எடுத்த படம். எதிலும் இல்லை. ஒன்றிரண்டில் மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். இடப்பக்கமும் வழவழப்பு, வலப்பக்கமும் வழவழப்பு. கம்பெனியில் இருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, கேமராவே மூஞ்சியத் தேச்சு விடுது. ப்யூட்டி மோடும்பாங்க. வாங்கறப்பவே ஆன்ல இருந்திருக்கும். ஆஃப் பண்ணிக்க. அதுக்கேன் கொரலு நடுங்குது?"

"நடுங்கலீங்க."

"நடுங்குது."

நடுங்கித்தான் இருக்கும். அவருக்குத் தெரியாது; இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. முகத்தைத் தேய்த்து விடுகிற அந்த வேலையை, போன்கள் தாமாகச் செய்யக் கற்றுக்கொள்ளும் முன்பு, நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தவள் நான்.

பிளஸ் டூ முடித்து, தபாலில் பி.காம். சேர்ந்து, ஆறு மாத டி.டி.பி. கோர்ஸும் முடித்திருந்த நேரம். திருப்பூரில், வீரபாண்டிக்கு உள்ளே போகிற சாலையில், ஒரு பேக்கரிக்கும் தையல் மெஷின் உதிரிபாகக் கடைக்கும் நடுவே ஒரு செல்போன் கடை. வாசலில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: 'உங்கள் போட்டோ உங்கள் செல்லில் வால்பேப்பராக.' இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அதற்கென்று ஒரு ஆளா என்பீர்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசல்வரை வரிசை நிற்கும். வாரம் முழுக்க மெஷின் முன்னால் குனிந்திருந்தவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் ஓய்வு.

கடைக்காரர் முருகேசண்ணன் முன்பு கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பனியன் கம்பெனி அவர் வாயிலிருந்து போகவே இல்லை. படத்தை அளவுக்கு வெட்டுவது அவருக்குக் கட்டிங். நிறம் ஏற்றுவது டையிங். பெயர் எழுதுவது பிரின்டிங். "கண்ணு, அந்தக் கல்யாண ஜோடி டையிங் போயாச்சா? பொண்ணு கொஞ்சம் ஷேடு கம்மியா வருதே, பாரு" என்று கடைக்குள்ளிருந்து குரல் கொடுப்பார். வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணே சிரித்துவிடும்.

மானிட்டரை நாங்கள் துடைத்ததும் பனியன் வேஸ்ட் துணியால்தான். இன்றைக்கும் புதுப் பனியன் துணியை மோந்தால் எனக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம்தான் வரும். போன்களிலும் அந்த ஊர் ஒட்டியிருக்கும். கட்டிங் டேபிள் ஆட்களின் போனில் பொத்தான் சந்துகளில் பஞ்சு அடைத்திருக்கும்; ஊசியால் எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். சாயப்பட்டறைக்காரர்களின் போனைப் பார்த்தால் அந்த வாரம் அங்கே ஓடிய நிறம் தெரிந்துவிடும். ஐந்தாம் எண் பொத்தானில் நீலம், பச்சைப் பொத்தானில் சிவப்பு. ஓவர்லாக் டெய்லர்களின் போனில் மெஷின் எண்ணெய் வாசம். யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

சின்னத் திரைகள். பெரும்பாலும், பிக்சல் கணக்கில், நூற்றிருபத்தெட்டுக்கு நூற்றறுபது புள்ளி. அதற்குள் மலை, அருவி, ரோஜா, அன்னப்பறவை, ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் பெயர், எல்லாம் அடங்க வேண்டும். மேலே சிக்னல் கோடுகளும், நடுவில் மணியும், கீழே மெனு என்ற எழுத்தும் வந்து உட்காரும். அவற்றுக்கு இடம் விடாவிட்டால் புதுமாப்பிள்ளையின் நெற்றியில் பன்னிரண்டே கால் என்று எழுதியிருக்கும். என் முதல் வாரத்தில் ஒருவர் அப்படித் திரும்பி வந்தார். "தங்கச்சி, என் பொண்டாட்டி மூக்குல சார்ஜ் கொறையுது." அதற்குப் பிறகு நான் கவனமாகிவிட்டேன். அளவுக்கு மேல் கவனம் என்றுகூடச் சொல்லலாம். பள்ளியிலும் நான் அப்படித்தான். விடைத்தாளைக் கொடுத்த பிறகு வாசலில் நின்று நகம் கடிப்பவள்.

குழந்தைப் படம் என்றால் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கட்டாயம். நாள் முழுக்க நாலு பேர் பார்க்கும் போனில் பிள்ளை முகம் இருந்தால் கண் படாதா? மை இல்லாவிட்டால் என்ன, தூரிகையை மூன்று புள்ளி அளவுக்கு வைத்து ஒரு சொடுக்கு. அதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை. அது முருகேசண்ணன் போட்ட விதி. இன்னொரு விதியும் உண்டு. கடை சாத்துவதற்கு முன் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு, அன்றைக்கு வந்த படங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். "அடுத்தவிங்க ஊட்டுப் பொம்பளைங்க படம், கொழந்தைங்க படம் நம்ம மெஷின்ல ஒரு ராத்திரி தங்கப்படாது கண்ணு. நம்ம கடைக்குப் பேரே அதான்." நல்ல விதிதான். இப்போதும் அது நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். நான் அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பேச்சியக்கா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பக்கத்து லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தார்கள். அவள் ஒரு கம்பெனியில் செக்கிங், வீட்டுக்காரர் செல்வம் சாயப்பட்டறையில். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். போனை நீட்டி, "தங்கச்சி, எம்பிள்ளய இதுல வச்சுத் தா" என்றாள். "காலையில நான் போகையில தூங்குவான். ராத்திரி நான் வரையில தூங்கிருவான். முழிச்சிருக்க மூஞ்சிய இதுலதான் பாக்கணும்."

படத்தில் நாலு வயது முத்து, லைன் வீட்டுக் குழாயடியில் நின்றிருந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான் வளர்ந்தோம். கொஞ்சம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வலது புருவத்தின் நுனியில், வளைந்த குண்டூசி போல ஒரு தழும்பு. குழாயடிக் கல்லில் விழுந்ததாம்.

"நல்லா பளிச்சுனு பண்ணு, என்ன?"

"கோட்டுப் போட்டு விடட்டுங்களாக்கா?"

"போடு, போடு. இவன் அப்பன் கல்யாணத்துக்கே கோட்டுப் போடல. பிள்ளயாவது போடட்டும்."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையை மட்டும் வெட்டியெடுத்து, நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்ட ஒரு உடம்பின் மேல் வைத்தேன். பின்னால் ரோஜாத் தோட்டம். மூக்கைத் துடைத்தேன். நிறத்தை ஏற்றினேன். சுருங்கிய கண்ணைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். கன்னத்தில் புள்ளி வைத்தேன். பிறகு புருவத்துக்கு வந்தேன். எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்தத் தழும்பு வெளிறிய மூன்று புள்ளி. மூன்றே மூன்று கட்டம். பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் வைத்து ஒரு சொடுக்கு. போயிற்று. அவள் கேட்கவில்லை. நானாகத்தான் செய்தேன். பளிச்சென்று கேட்டாளே, தழும்பு இருந்தால் எப்படிப் பளிச்சென்று இருக்கும்?

கேபிள் மாட்டிப் போனில் ஏற்றும்போது இடமில்லை என்று வந்தது. பழைய படத்தை அழித்தால்தான் புதிது ஏறும். "பழசு வேணுங்களாக்கா?" என்று கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிய மாதிரியும் ஒரு காட்சி மனதில் இருக்கிறது. அது நடந்ததா, பிறகு நானே எனக்காகச் செய்துகொண்டதா, தெரியவில்லை. அழித்தேன். சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, கடை மெஷினில் இருந்ததையும் அழித்தேன். விதிப்படி.

அடுத்த வாரம் அந்தப் பக்கமாகப் போனவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அவன்கிட்ட காமிச்சேன் தங்கச்சி. யாரும்மா இந்தப் பயன்னு கேக்கான்." நானும் சிரித்தேன். பெருமையாகவே இருந்தது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் முத்துவைக் காணவில்லை. பக்கத்து அறை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வருவதற்குள் பிள்ளை இல்லை. அவன் அடிக்கடி அம்மாவின் கம்பெனி கேட்டுக்குப் போய் வேன்களை வேடிக்கை பார்ப்பானாம். கேட்டிலும் இல்லை.

மறுநாள் ஞாயிறு காலை. கடை திறந்து வரிசை சேர்ந்திருந்தது. பேச்சியக்கா நேராக உள்ளே வந்தாள். செருப்பில்லை. கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். 'காணவில்லை' என்ற எழுத்துக்குக் கீழே, தாள் பாதிக்கு, கோட்டுப் போட்ட முத்து. நூற்றிருபத்தெட்டுப் புள்ளிப் படத்தை அவ்வளவு பெரிதாக்கினால் என்ன ஆகும்? கட்டம் கட்டமாக ஒரு முகம். கட்டங்களுக்குப் பின்னால் ரோஜா. செல்வம் அதிலேயே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு விடியும்போதே பல்லடம், தாராபுரம் பஸ் ஸ்டாண்டுகளில் ஒட்டப் போய்விட்டாராம்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்ட போலீஸ்காரர், "கோட்டுப் போட்டுட்டா வெளையாடப் போனான்?" என்று கேட்டிருக்கிறார். கிண்டலாக இல்லை, அவர் எழுதியாக வேண்டுமே. அங்க அடையாளம் கேட்டபோது இவள் தழும்பைச் சொல்லியிருக்கிறாள். அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல காணோமேம்மா" என்றாராம்.

அவள் என் மேசைமேல் தாளை வைத்தாள். சத்தம் போடவில்லை.

"எம்பிள்ள தழும்ப எங்க வச்சிருக்க தங்கச்சி? எடுத்துக் குடு."

இனியாவுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம், அவள் ஒரு நிமிஷம் கண்ணில் படாதபோதெல்லாம், இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கேட்கும்.

குப்பைத் தொட்டியைத் திறந்தேன். காலி. நானே காலி செய்து வைத்திருந்தேன். முருகேசண்ணன் கடையில் நின்றவர்களை எல்லாம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அழிந்ததை மீட்கிற ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டார். அது என்னென்னவோ கொண்டு வந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம், கன்றுக்குட்டியின் கால், தும்பிக்கை மட்டும் ஒரு பிள்ளையார். ஒவ்வொரு படமாக வரும்போதும் பேச்சியக்கா மானிட்டர்மேல் சாய்வாள். பிறகு நிமிர்வாள். முத்து வரவில்லை.

"கண்ணு, இருக்கறதை வெச்சே பண்ணு. கோட்டக் கழட்டு" என்றார் அண்ணன். அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

கோட்டைக் கழற்றினேன். ஒரு கை நீளமான பனியனை வரைந்தேன். ரோஜாவை எடுத்தேன். ஏற்றிய நிறத்தை இறக்கினேன். கன்னத்துப் புள்ளியை அழித்தேன். கண்ணைச் சுருக்கினேன். மூன்று மாதத்துக்கு முன் அரை மணி நேரத்தில் செய்த ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து பிரித்துக்கொண்டே வந்தேன், தப்பாகத் தைத்த தையலைப் பிரிக்கிற மாதிரி. துணி என்றால் பிரித்தால் பழைய துணி கிடைக்கும். எனக்குக் கிடைத்தது நான் வரைந்த இன்னொரு முகம். கடைசியில் புருவம்.

"எங்கீங்கக்கா இருந்துச்சு?"

திரையில் ஒரு புருவத்தைத் தொட்டாள். தொட்ட விரல் அங்கே நிற்கவில்லை. மற்றப் புருவத்துக்குப் போயிற்று. திரும்ப வந்தது. பிறகு தன் முகத்திலேயே இரண்டு புருவங்களையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள், அங்கே இருக்கிற மாதிரி.

"தெரியலையே தங்கச்சி. தெனமும் பாக்கேன், இந்தப் படத்தத்தான பாக்கேன். இதுல இல்லையே. பெத்தவளுக்குத் தெரியலையே."

எனக்குத் தெரிந்திருந்தது. எட்டு மடங்கு பெரிதாக்கி, அழிப்பதற்காகவே உற்றுப் பார்த்தவள் நான். "வலது பக்கமுங்கக்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா பெத்த?"

திரையில் அவள் விரல் கடைசியாக நின்ற இடது புருவத்தில் மூன்று புள்ளி வைத்தேன். தப்பு என்று தெரிந்தே வைத்தேன். தெரிந்தேதானா? வைக்கும்போதே எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பெற்றவள் விரல் நின்ற இடம், மாற்ற நான் யார் என்று தோன்றியது. இப்போது நானும் பெற்றவள். பெற்றவளுக்கு எல்லாம் தெரியும் என்பதை நான் நம்புவதில்லை.

அந்தப் படத்தைத் தாள் தாளாக எடுத்துத் திருப்பூர் முழுக்க ஒட்டினார்கள். கடையில் வரிசையில் நின்றவர்களே ஆளுக்குப் பத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தன் படத்துக்காக அன்றைக்கு ஒருவரும் காத்திருக்கவில்லை. ஆனால் அது தாராபுரம் போகவில்லை. அங்கே கோட்டுப் போட்டவன்தான் ஒட்டியிருந்தான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு நான் கம்பெனி கேட்டில் தாளோடு நின்றிருந்தேன். வேன்கள் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. பேச்சியக்கா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தாராபுரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரும் வேன் வந்து நின்றது. டிரைவர் ஆறுச்சாமி முன்பக்கமாக இறங்கி, சுற்றி வந்து, கதவைத் திறந்து ஒரு பையனைத் தூக்கி இறக்கினார். ஒரு கை நீளப் பனியன். கையில் பாதி கடித்த பன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைத் தேடி வேனில் ஏறியிருக்கிறான். கடைசி இருக்கைக்கு அடியில் வேஸ்ட் துணி மூட்டை இருந்திருக்கிறது. மெத்தை மாதிரி இருந்திருக்கும், தூங்கிவிட்டான். எல்லாரும் இறங்கி, ஊரில் வண்டியைப் பூட்டப் போனபோதுதான் அவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோறு போட்டு, அம்மா எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு, "பனியன் கம்பெனி" என்றானாம். திருப்பூரில் அது ஒரு விலாசமா? கம்பெனிக்குப் போன் போட்டால் ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை. பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம் வேறு.

"முன்ன பின்ன தெரியாத கொழந்தையத் தூக்கிட்டு நான் ஊருக்குள்ள நடந்தன்னா, அடிச்சே கொன்னுருவாங்கங்க" என்றார், சுற்றி நின்ற எல்லாரிடமும். "நேத்து மத்தியானம் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுல வெசாரிக்கப் போனனுங்க. ஒரு நோட்டீசு ஒட்டியிருந்துது. படத்தத்தான் பாத்தனுங்க, கீழ எழுதியிருந்ததப் படிக்கலீங்க. கோட்டு, டையின்னு யாரோ பெரிய எடத்துப் பையனாட்ட இருந்துது. எங்கூட்டுல ஒக்காந்திருக்கறது மூக்கு ஒழுகிட்டு ஒக்காந்திருக்குது. நான் எப்படீங்க கண்டேன்?"

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. யாரும் என்னையும் பார்க்கவில்லை. ஆனால் நான் கணக்குப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை இரவு யார் பேரிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு என்னுடையது. ஒரு தாய் விழித்தே கழித்த ஒரு முழு இரவை அந்த நீலக் கோட்டால் நான் செய்தேன்.

பேச்சியக்கா அழவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது புருவத்தில் கட்டைவிரலை வைத்தாள். அங்கேதான் இருந்தது. பிறகு நிமிர்ந்து, அத்தனை பேரின் நடுவில் என்னைத் தேடிப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் நான் தாங்கியிருப்பேன். அது வேறு. தன்னைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்துவிட்ட ஒன்றை, நான் யாரிடமும் சொல்லிவிடக் கூடாதே என்பது போல இருந்தது. நான்தான் முதலில் தலையைக் குனிந்தேன்.

மறுநாள் கடைக்கு வந்தாள். போனை நீட்டினாள். "இதை எடுத்துரு. வெறுமனே இருக்கட்டும்."

"வேற படம் எடுத்து வெக்கட்டுங்களாக்கா? பையனக் கூட்டிட்டு வாங்க, நானே எடுக்கறனுங்க. ஒண்ணும் தொடமாட்டேன், அப்படியே வெக்கறேன்."

"வேண்டாம்."

எடுத்தேன். போன் தன்னுடன் கொண்டுவந்திருந்த ஒரு பச்சை மலை வந்து திரையில் உட்கார்ந்தது. மன்னிச்சுக்கங்க என்று சொல்லத் தொண்டைவரை வந்தது. அதற்குள் அடுத்த ஆள் போனை நீட்டிவிட்டார். அந்த வாரமே அவர்கள் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகும் ஆறு மாதம் அந்த நாற்காலியில் இருந்தேன். யார் வந்தாலும் பழைய படம் வேணுமா, வேணுமா, நிச்சயமா வேண்டாமா என்று மூன்று தடவை கேட்பேன். "என்ன கண்ணு, கோர்ட்டுல பேரக் கூப்பிடறாப்புல கூப்பிடறே" என்று சிரிப்பார்கள். ஒருவர் முகத்தில் இருந்த ஒரு வடுவையும் பிறகு நான் தொடவில்லை. ஆட்கள் குறைந்தார்கள். அதனாலா, தொடுதிரை போன்கள் வந்துவிட்டதாலா, தெரியவில்லை. முருகேசண்ணன் கடையைக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது பேக்கரியின் உட்காரும் இடம் நீண்டிருக்கிறது. நூற்றிருபத்தெட்டுக்கு நூற்றறுபது என்றால் யாருக்கும் புரியாது. திரையில் யாரை வைத்துக்கொள்வது என்று கேட்டு வரிசையில் நிற்பவர் எவரும் இல்லை. பஞ்சு அடைக்கப் பொத்தான்களும் இல்லை. அழிக்கட்டுமா என்று கேட்காமலேயே அழிக்கிற போன் என் கையில் இருக்கிறது. அதற்குச் சந்தேகமே வருவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இனியா புரண்டு படுத்தாள். தலையணையிலிருந்து காது வெளியே வந்தது. இடது காது. அதற்குக் கீழே, எள்ளைவிடச் சற்றே பெரிதாக. விரலை வைத்துப் பார்த்தேன். விண்ணப்பத்தில் எழுதினேன். எழுதிவிட்டு, மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

முத்துவுக்கு இப்போது பதினேழு வயது ஆகியிருக்கும். மீசை அரும்பியிருக்கும், தழும்புகூடப் புருவ மயிரில் மறைந்திருக்கலாம். நாலு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று பேச்சியக்காவுக்குப் பார்க்கத் தோன்றினால் எதைப் பார்ப்பாள்? குழாயடி, வெயில், சுருங்கிய கண், ஒழுகும் மூக்கு, ஒரு கை நீளப் பனியன், வலது புருவத்தில் வெளிறிய மூன்று புள்ளி. அந்த ஒரு படம் உலகத்தில் எங்கேயும் இல்லை. எனக்குள் மட்டும் எட்டு மடங்கு பெரிதாகி, ஒரு புள்ளிகூட மங்காமல் இருக்கிறது. அதை வெளியே எடுத்து அவளிடம் கொடுக்கிற கேபிள் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.